பூட்டனின் பொலிஸ் விசிலும் பொக்கற் மணிக்கூடும்: வன்னிவீட்டுப் பழம்பொருளின் பூர்வீகம் தேடுவது எப்படி

வன்னியில் பல வீடுகளில் ஒரு ரங்குப் பெட்டி இருக்கும். அடியில் ஒரு பழைய விசில், நின்றுபோன பொக்கற் மணிக்கூடு, கிரீடம் பொறித்த பித்தளைத் தெறி, இல்லையென்றால் ரிப்பன் உக்கிப்போன ஒரு பதக்கம். "பூட்டன் வெள்ளைக்காரன் காலத்தில சீ.ஐ.டி. ஆம், இது அவற்றை சாமான்" என்று ஒரு கதையும் சேர்ந்தே வரும். அந்தக் கதை எவ்வளவு உண்மை, பொருள் எங்கே செய்யப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பொருளின் வயது வேறு, பொருளின் சொந்தக்காரர் யார் என்பது வேறு, அவர் துப்பறிவாளரா என்பது இன்னும் வேறு. மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும். 1920களில் செய்த விசில் கையில் இருப்பதால் 1920களில் பூட்டன் ரகசியப் பொலிசில் இருந்தார் என்று ஆகிவிடாது.

முதலில் மினுக்காமல் இருங்கள்

பித்தளை என்றதும் புளியும் சாம்பலும் எடுக்கிற பழக்கம் எங்களுக்கு. குத்துவிளக்குக்கு அது சரி. பழம்பொருளுக்கு வேண்டாம். தேய்ந்துபோன எழுத்தின் கடைசி மிச்சம் அந்தக் கறுப்புப் படலத்தில்தான் நிற்கும், தேய்த்தால் அதுவும் போய்விடும். நிக்கல் பூச்சும் உரியும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள்.

இடப்பெயர்வின்போது நிலத்தில் புதைத்துவைத்து, திரும்பி வந்து கிளறி எடுத்த சாமான் என்றால் இன்னும் கவனம். மண்ணிலிருந்த உப்பு உலோகத்துக்குள் இறங்கியிருக்கும். வெளிர்பச்சைத் தூள் திரும்பத் திரும்ப வந்தால் அரிப்பு இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். மருந்துப் போத்தல்களில் வருகிற சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து, பொருளோடு ஒரு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். மணிக்கூடு என்றால் சாவி கொடுத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கும், கட்டாயப்படுத்தினால் பல்லுத் தேயும்.

பிறகு படம் எடுங்கள். நேரே ஃபிளாஷ் அடித்தால் பொறிப்பு மறைந்துவிடும். அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சைப் பொருளின் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தெல்லாம் நிழலோடு எழும்பி வரும். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். நகைக்கடைத் தராசில் நிறையும் பார்த்துக் குறித்துவையுங்கள்.

பொருளைப் படித்தல்

*விசில்.* லண்டன் மெட்ரோபொலிற்றன் பொலிசுக்காகப் பர்மிங்காமைச் சேர்ந்த ஜோசப் ஹட்சன் 1883இல் கொடுத்த விசில் குழாய் வடிவம், இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும். பேரரசு முழுவதும் பொலிஸ் விசில் என்றால் பெரும்பாலும் இந்த வடிவம்தான். 1884இல் அதே கம்பனி வெளியிட்ட 'அக்மி தண்டரர்' வேறு: நத்தை போல உருண்டு, உள்ளே ஒரு சிறு உருண்டை கிடந்து உருளும். ரயில் காட், விளையாட்டு நடுவர் கையில் இருந்தது அது. ஆகவே உங்கள் விசிலை ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவோ கிலுகிலுத்தால் பொலிஸ் கதையைக் கொஞ்சம் ஒத்திவைத்து, குடும்பத்தில் யாராவது ரயில்வேயில் இருந்தார்களா என்று கேளுங்கள். வடக்குப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முடிந்தது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எல்லாம் அந்தப் பாதையில்தான்.

குழாய் விசிலில் கம்பனி விலாசம் பொறித்திருக்கும். ஹட்சன் கம்பனி பார் தெருவிலேயே இடம் மாறியது: 13ஆம் இலக்கம் என்றிருந்தால் 1909ஐ ஒட்டியோ அதற்கு முன்போ செய்தது, 244 என்றிருந்தால் அதற்குப் பின். அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரித்தானிய அரசாங்கச் சொத்து, பெரும்பாலும் இராணுவத்தினுடையது. 'ஏ.ஆர்.பி.' என்ற மூன்றெழுத்து இருந்தால் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தாக்குதல் பாதுகாப்புச் சேவையினுடையது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட காலத்தில் இலங்கையிலும் அந்தச் சேவை இருந்தது. அப்படி ஒரு விசில் துப்பறிவாளருடையதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

*பொக்கற் மணிக்கூடு.* பின்மூடியைத் திறந்தால்தான் விஷயம். விளிம்பில் நகம் நுழைகிற சிறு உதடு இருந்தால் அது கீல் மூடி. இல்லையென்றால் திருகி எடுக்கிற மூடியாக இருக்கலாம். பயமாக இருந்தால் மணிக்கூடு திருத்துகிறவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள், "துடைக்க வேண்டாம்" என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுங்கள்.

ஆங்கில வெள்ளிக் கூடு என்றால் உள்ளே சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாக இருக்கும். நடக்கிற சிங்கம் என்றால் 92.5 வீத வெள்ளி. நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன், வாளும் மூன்று கோதுமைக் கட்டும் செஸ்டர். பக்கத்தில் ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும், அதுதான் ஆண்டு. ஆனால் ஒவ்வொரு நகரத்துக்கும் எழுத்து வரிசை வேறு, எழுத்தின் பாணியும் அதைச் சுற்றிய கேடய வடிவமும் சேர்ந்துதான் ஆண்டைத் தீர்மானிக்கும். நகரத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பட்டியலில் தேடினால் 20, 30 ஆண்டு தவறிவிடும். வோல்த்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க மணிக்கூடு என்றால் இயந்திரத்தில் பொறித்த தொடர் இலக்கத்தை இணையத்தில் போட்டாலே செய்த ஆண்டு ஏறக்குறையத் தெரிந்துவிடும். கூட்டிலுள்ள இலக்கத்தைப் போடாதீர்கள், அது வேறு கம்பனியின் கணக்கு.

மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறினதுபோல எழுத்தோ திகதியோ தெரிந்தால் அதை அழுக்கு என்று நினைக்க வேண்டாம். திருத்த வேலை செய்தவர்கள் தங்கள் அடையாளத்தை அப்படித்தான் கீறி வைத்தார்கள். 1934 என்று ஒரு கீறல் இருந்தால், அந்த ஆண்டில் மணிக்கூடு யாரோ ஒருவரின் கையில் ஓடிக்கொண்டிருந்தது என்பது உறுதி. முத்திரை சொல்வது பிறந்த ஆண்டை. கீறல் சொல்வது வாழ்ந்த ஆண்டை. எனக்கு இரண்டாவதில்தான் ருசி அதிகம்.

*தெறி, சின்னம்.* கிரீடத்தைப் பாருங்கள். மேல் வளைவு நடுவில் உயர்ந்து உருண்டு நின்றால் 1901 முதல் 1952 வரையான அரசர்களின் காலம். நடுவில் பள்ளமாக இறங்கினால் பெரும்பாலும் 1953க்குப் பிந்தைய எலிசபெத் காலம். விக்டோரியா காலக் கிரீடம் இரண்டிலிருந்தும் கொஞ்சம் வேறுபடும். 1972 மே 22இல் இலங்கை குடியரசானதோடு கிரீடம் போய்விட்டது. தெறியின் பின்புறத்தில் செய்த கம்பனியின் பெயர் இருக்கும், அதையும் படம் எடுங்கள். இங்கே ஒரு சின்னச் சந்தேகமும் எழ வேண்டும்: ரகசியப் பொலிஸ்காரர் சாதாரண உடுப்பில் திரிந்தவர். சீருடைத் தெறி அவருடையது என்றால், அந்தப் பிரிவுக்குப் போகுமுன் சீருடையில் கழித்த காலத்தைத்தான் அது காட்டும்.

*பதக்கம்.* எல்லாவற்றிலும் வேலை குறைவு இதில்தான். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: இலக்கம், பதவி, பெயர் பொறித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இலங்கைப் பொலிசின் நீண்ட சேவைப் பதக்கம் 1925இல் வந்தது. 1934இல் அதன் இடத்தைக் குடியேற்றநாட்டுப் பொலிஸ் நீண்ட சேவைப் பதக்கம் பிடித்தது. 1938இல் தொடங்கிய குடியேற்றநாட்டுப் பொலிஸ் பதக்கம் என்றால் உங்களுக்கு யோகம்தான், அதைப் பெற்றவர்களின் பெயர்கள் பிரித்தானிய அரசிதழான லண்டன் கசற்றில் வந்தன. அந்தக் கசற்றை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

*பூதக்கண்ணாடி.* இது துப்பறிவாளரின் அடையாளம் என்பது கதைப்புத்தகம் வாசித்து வந்த எண்ணம். சாத்திரியாரிடம் இருந்தது, பத்தரிடம் இருந்தது, நொத்தாரிசிடம் இருந்தது, கண் மங்கின எல்லாக் கிழவர்களிடமும் இருந்தது. பெயர் பொறித்திருந்தாலொழிய இதை வைத்து எதையும் நிறுவ முயல வேண்டாம்.

உண்மையில் அவர் யார்?

இலங்கைப் பொலிஸ் 1866இல் ஜி. டபிள்யூ. ஆர். கம்பெல் தலைமையில் ஒழுங்கமைக்கப்பட்டது. குற்றவாளிகளின் கைரேகை, புகைப்படப் பதிவு 1908இல் தொடங்கியது. 1913 முதல் 1937 வரை ஹேர்பேட் டவ்பிகின் பொலிஸ்மா அதிபராக இருந்தார். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் நகரத்துக் கதை. வன்னிக் கிராமத்தில் களவு போனாலோ மாடு காணாமல் போனாலோ முதலில் விசாரித்தவர் ஊர்த் தலைமைக்காரரான பொலிஸ் விதானை. விதானை போன்ற ஊர்த் தலைமைக்காரர் முறை 1963இல்தான் கிராம சேவகர் முறைக்கு வழிவிட்டது. விதானையார் ஆளைப் பிடிக்கலாம், விசாரிக்கலாம், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நாலு தலைமுறை கழித்துப் பேரப்பிள்ளைகள் வாயில் "பொலிஸ் விதானை" என்பதில் விதானை தேய்ந்து பொலிஸ் மட்டும் மிஞ்சுவதும், பிறகு அந்தப் பொலிஸ் சீ.ஐ.டி.யாகப் பதவி உயர்வு பெறுவதும் இயல்பாக நடக்கிற காரியம். விதானை என்று தெரிந்தால் ஏமாற வேண்டாம். ஊரின் வரலாற்றுக்கு ஒரு கொன்ஸ்தாபிளைவிட விதானையார் பெரிய ஆள், கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) பதிவுகளில் அகப்படவும் வாய்ப்பு அதிகம்.

வேறு சாத்தியங்களும் உண்டு: மதுவரித் திணைக்களத்தில் கள்ளச் சாராயம் பிடித்தவர், மலாயாவில் ரயில்வேயிலோ பொலிசிலோ இருந்து பென்சனோடு திரும்பியவர், மலைநாட்டுத் தோட்டத்தில் கங்காணியாகவோ காவலாளியாகவோ இருந்தவர். மலாயாக் கதை இருந்தால் சிங்கப்பூர் தேசிய நூலகச் சபையின் பழைய பத்திரிகைத் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், அதுவும் இலவசம்.

பொருள் வன்னிக்கு வந்த பாதை

வன்னிக்காரர் எல்லாரும் ஆதியிலிருந்தே வன்னிக்காரர் அல்லர். இந்தத் தேடலின் நடுமுள் இதுதான். 1930களில் தொடங்கி இரணைமடுக் குளத்தின் கீழ்க் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டுத் திட்டங்களுக்கு வந்தவர்கள் உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இங்கேயே தங்கியவர்கள் உண்டு. உங்கள் குடும்பம் எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் பதிவைத் தேட வேண்டிய ஊர் மாறும்.

நிர்வாக எல்லையும் மாறியது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், அதற்கு முன் அதன் பெரும்பகுதி வவுனியாவின் கீழ். கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 1950ஆம் ஆண்டுக் கிளிநொச்சிப் பதிவைக் கிளிநொச்சிக் கச்சேரியில் தேடுகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஊர்களும் தலைமைக்காரரும் எப்படி இருந்தார்கள் என்று அறிய, இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு உதவும்.

மூத்தவர்களிடம் கேட்கும்போது கேள்வியிலேயே பதிலை வைத்துவிடாதீர்கள். "அம்மம்மா, பூட்டன் சீ.ஐ.டி. தானே?" என்று கேட்டால் "ஓம் மோனை" என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: "அம்மம்மா, இதை முதன்முதல் எங்கை கண்டனீங்கள்? அப்ப ஆற்றை கையில இருந்தது?" பொருளைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். கை பிடிக்கிற விதத்திலேயே ஞாபகம் வரும். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். கூட்டமாக இருந்தால் குரல் பெரிய மாமாவின் கதைதான் எல்லாருடைய கதையும் ஆகும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்களுக்குப் படத்தை மட்டும் அனுப்பி, உங்கள் ஊகத்தைச் சொல்லாமல் கேளுங்கள். கதை 2009இன் இறுதிப் போரைத் தொட்டால் அங்கே நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். முள்ளிவாய்க்காலில் எதை விட்டோம், மெனிக் பாம் முகாமுக்கு எதைக் கொண்டுபோனோம் என்பது ஒரு விசிலுக்காகக் கிண்டுகிற விஷயம் இல்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டு எழுதுங்கள்.

கடதாசி தேடல்

"எங்கட எல்லாக் கடதாசியும் இடப்பெயர்வில போட்டுது" என்பது வன்னியில் உண்மை. ஆனால் வீட்டுப் பிரதி போனதால் மூலப் பதிவும் போனது என்றில்லை.

பிறப்பு, விவாகச் சான்றிதழ்களில் தந்தையின் தொழில் எழுதியிருக்கும். பூட்டனின் பிள்ளைகளுடைய பிறப்புப் பதிவும், அவருடைய விவாகப் பதிவும்தான் உங்களுக்கு வேண்டியவை. 'பொலிஸ் சார்ஜன்ட்' என்றோ 'விதானை' என்றோ 'கமம்' என்றோ அங்கே ஒரு சொல் இருக்கும், அந்த ஒரு சொல் நூறு கதைக்குச் சமம். பிரதேச செயலகத்தின் பதிவுப் பகுதியில் விண்ணப்பியுங்கள். அங்கே ஏடு அழிந்திருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக்கூடத்தில் இரட்டைப் பிரதி இருக்க வாய்ப்புண்டு. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குக் கோயில் ஏட்டையும் பார்க்க வேண்டும்.

பென்சன் எடுத்தவர் என்றால் பென்சன் இலக்கம், அல்லது 1898இல் தொடங்கிய விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதியின் இலக்கம் பழைய கடிதம் எதிலாவது இருக்கும். பூட்டி பென்சன் எடுத்தாவா என்று கேட்டுப் பாருங்கள். அந்த இலக்கம் கையில் இருந்தால் ஓய்வூதியத் திணைக்களத்துக்கோ பொலிஸ் தலைமையகத்துக்கோ 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். "என் பூட்டனைப் பற்றி எல்லாம் தாருங்கள்" என்று எழுதாமல், பெயர், பதவி, ஏறக்குறைய எந்த ஆண்டுகள் என்று குறிப்பிட்டுச் சேவைப் பதிவைக் கேளுங்கள்.

எங்கள் சமூகத்துக்கே உரிய ஒரு பொக்கிஷம் 31ஆம் நாள் நினைவு மலர். தேவாரத்துக்கும் கல்வெட்டுப் பாவுக்கும் நடுவே வம்சாவளி போட்டிருப்பார்கள், யார் எந்த உத்தியோகம் என்றும் எழுதியிருப்பார்கள். புகழ்ச்சி தூக்கலாக இருக்கும், உறவுமுறை பெரும்பாலும் சரியாக இருக்கும். வீட்டில் இல்லையென்றால் நூலகம் இணையத் தளத்தில் தேடுங்கள். நினைவு மலர்களோடு ஈழகேசரி போன்ற பழைய பத்திரிகைகளும் அங்கே உண்டு. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தோடு போனவற்றில் சிலவற்றுக்குப் பிரதி இப்படித்தான் வேறிடங்களிலிருந்து சேர்ந்தது.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போவது கடைசிப் படியாக இருக்கட்டும். பெயரும் ஆண்டும் இல்லாமல் போனால் பயணச் செலவுதான் மிச்சம். அங்கே அரசாங்க கசற், நீலப் புத்தகங்கள் (அரசின் ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்பு), சிவில் பட்டியல்கள் (அரச உத்தியோகத்தர் பட்டியல்), பொலிஸ்மா அதிபரின் ஆண்டறிக்கைகள், கச்சேரி ஏடுகள் இருக்கின்றன. பெரிய உத்தியோகத்தர் பெயர் பட்டியல்களில் வரும். சாதாரண கொன்ஸ்தாபிளின் பெயரை அவற்றில் எதிர்பார்க்க வேண்டாம். லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் சீ.ஓ. 54 வரிசைக்கும் இது பொருந்தும். அது தேசாதிபதிகளின் கடிதப் போக்குவரத்து.

தேடும்போது பெயர் ஒரு பெரிய தலையிடி. எங்களுக்குப் பரம்பரைப் பெயர் கிடையாது. வேலுப்பிள்ளையின் மகன் வே. கந்தையா, அவர் மகன் க. சின்னத்தம்பி. மூன்று தலைமுறைக்கு மூன்று முதலெழுத்து. கந்தையாவை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் 'ஐ' போட்டார்கள், சிலர் 'ஒய்' போட்டார்கள். சின்னத்தம்பியை 'எஸ்' என்றும் 'சி.எச்.' என்றும் தொடங்கினார்கள். மணிக்கூட்டில் பொறித்த இரண்டு எழுத்தை வைத்துத் தேடுமுன், சாத்தியமான எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். பொறிப்பு பூட்டனின் பெயரோடு ஒத்துவரவே இல்லை என்றால் அடகு, ஏலம், சீதனம் என்று வேறு வழியில் வந்திருக்கலாம்.

சேர்த்து எழுதுதல்

ஒரு கொப்பியில் மூன்று தலைப்புப் போடுங்கள்: பொருளே சொல்வது, கடதாசி சொல்வது, ஆட்கள் சொல்வது. ஆட்கள் சொன்னதற்கு அருகே யார், எப்போது சொன்னார் என்று எழுத வேண்டும். இரண்டு தலைப்பு ஒன்றையொன்று ஒத்துக்கொள்கிற இடத்தில் உறுதியாக எழுதலாம். மூன்றாவது மட்டும் சொல்வதை "குடும்பத்தில் சொல்லப்படுகிறது" என்று எழுதி விட்டுவிடுங்கள், வெட்ட வேண்டாம். கொப்பியின் படங்களை வெளிநாட்டுச் சொந்தம் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். ஒரே கூரைக்குள் எல்லாப் பிரதியையும் வைப்பதன் விலை எங்களுக்குத் தெரியும்.

"பழைய வளவில இன்னும் புதைச்சுக் கிடக்கு" என்று யாராவது சொன்னால் மண்வெட்டியோடு போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடிக்காத நிலம் வன்னியில் இன்னும் இருக்கிறது, சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும் வெடிபொருள் அகப்படுவதுண்டு. கிராம சேவகரிடம் முதலில் கேளுங்கள். உலோகம் காட்டும் கருவியோடு திரிந்தால் புதையல் தோண்டுகிற ஆள் என்று பிடிபடவும் கூடும். பெட்டிக்குள் தோட்டாவோ ரிவோல்வரோ இருந்தால் அதை நினைவுப்பொருள் என்று வீட்டில் வைத்திருக்க முடியாது, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

விற்கிற எண்ணம் இருந்தால் பொறுங்கள். ஊருக்குள் பழஞ்சாமான் வாங்க வருகிறவர் வெள்ளியை நிறைக்குத்தான் விலை பேசுவார். அவருக்கு உங்கள் கொப்பி தேவையில்லை. சேகரிப்பவருக்கு அந்தக் கொப்பிதான் விலை. இலங்கைத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத் தொல்பொருள் என்கிறது, ஆகவே பொலிஸ் விசில் அதற்குள் வராது. ஆனால் 50 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும்போது சுங்கத்தில் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள். கனடாவிலிருந்து வந்த மாமா பையில் போட்டுக்கொண்டு போகுமுன் தொல்லியல் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.